அம்புலன்ஸ் வந்து சேரும்வரை: மட்டக்களப்பு, அம்பாறை முதலுதவித் தொண்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தக் கேள்விகள் எதையும் நானாக யோசித்து எழுதவில்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கமும் கல்முனைப் பக்கமும் முதலுதவி வகுப்பு எடுக்கும்போது மீனவர், வயல்காரர், ஓட்டோ ஓட்டுநர், ஆசிரியர், கிராம அனர்த்தக் குழுப் பிள்ளைகள் கேட்டவை. சிலவற்றை எல்லாருக்கும் முன்னால் கேட்டார்கள். சிலவற்றை வகுப்பு முடிந்து செருப்புப் போடும்போது தனியே வந்து மெதுவாகக் கேட்டார்கள். அப்படிக் கேட்டவைதான் பெரும்பாலும் முக்கியமானவையாக இருந்தன. ஆபத்தான இடத்தில் முதலில் வந்து சேருகிறவரை வகுப்பில் நான் "முதல் கை" என்று சொல்வேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

நான் டொக்டரும் இல்லை, தாதியும் இல்லை. என் கை பட்டு ஆளுக்கு ஏதும் ஆகிவிட்டால்?

மூச்சு நின்று கிடப்பவருக்கு உங்கள் கையால் வரக்கூடிய கெடுதி ஒன்றும் மிச்சமில்லை. இதயம் நின்று நாலைந்து நிமிடத்தில் மூளை பழுதடையத் தொடங்குகிறது. பத்து நிமிடம் எவரும் கை வைக்காமல் கிடந்தவரை மீட்பது மிகக் கடினம். இதை நம் ஊர்த் தூரத்தோடு சேர்த்துப் பாருங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேலே மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை மக்களுக்கு ஆஸ்பத்திரித் தூரம் குறைந்தது உண்மை. ஆனாலும் வெல்லாவெளியில் வயலுக்கு நடுவே விழுந்தவரிடம் எந்த அம்புலன்ஸும் நாலு நிமிடத்தில் வந்துவிடாது. வரம்பில் பக்கத்தில் நிற்பவர் நீங்கள். ஆகவே அந்த நாலு நிமிடமும் உங்களுடையது.

விலா எலும்பு முறியலாம். வயதானவர்களுக்குப் பல தடவை முறிகிறது. எலும்பு ஆறிவிடும்.

1990க்கு எடுத்தால் என்ன கேட்பார்கள்? எங்கள் ஊருக்கு வருமா?

வரும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் இந்திய நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. 2018இல் அதற்கென ஒரு சட்டம் வந்தது. பிறகு ஒன்பது மாகாணங்களுக்கும் விரிந்தது. அழைப்புக்கும் பணமில்லை, வண்டிக்கும் பணமில்லை. தமிழில் பேசலாம். பதற்றத்தில் சிங்களத்தில் பேச முயன்று தடுமாறாதீர்கள்.

உங்கள் தொலைபேசி இலக்கம், எந்த இடம், என்ன நடந்தது, எத்தனை பேர், ஆளுக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா என்று கேட்பார்கள். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை நீங்கள் வைக்காதீர்கள். ஒலிபெருக்கியில் போட்டு நிலத்தில் வைத்துவிட்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும்.

இடம் சொல்வதில்தான் நம்மவர்கள் நேரத்தை விடுகிறார்கள். "எங்கட வளவுக்குப் பக்கம்" என்றால் தொலைவில் இருப்பவருக்கு விளங்காது. மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, ஊர், பிரதான வீதி, கிலோமீற்றர்க் கல், அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளிவாசல் அல்லது பாடசாலை என்று பெரியதிலிருந்து சின்னதுக்கு வாருங்கள். பிறகு ஒருவரை மோட்டார் சைக்கிளில் சந்திக்கு அனுப்புங்கள். இரவென்றால் கையில் ரோச் இருக்கட்டும். கிரவல் பாதையில் வழி தேடுவதில் போகும் நேரத்தை அந்த ஒருவரால் மிச்சப்படுத்த முடியும்.

பொலிஸுக்கு 119, தீயணைப்புக்கு 110, வெள்ளம் புயலுக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, மின்சார சபைக்கு 1987. இவற்றைத் தொலைபேசியில் மட்டும் வைக்காமல் குசினிக் கதவின் உட்பக்கமும் எழுதி ஒட்டுங்கள். பிள்ளைகள் கண்ணில் படும்.

காத்திருப்பதா, ஓட்டோவில் போட்டுக்கொண்டு ஓடுவதா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. நான் பார்ப்பது இரண்டு விடயம். ஒன்று, ஆளை மடக்கினால் கெடுதியா? உயரத்திலிருந்து விழுந்தவர், வாகனம் மோதியவர், கழுத்தோ முதுகோ நோகிறது என்பவர், கால் மரத்துப்போனது என்பவர், இவர்களை ஓட்டோவின் பின்சீற்றில் மடக்கிப் போடவே கூடாது. தென்னை மரத்திலிருந்து விழுந்து, விழுந்ததோடு பிழைத்து, தூக்கிய விதத்தில் நடக்க முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்குக் காத்திருங்கள். இரண்டாவது, ஓடும் வாகனத்துக்குள் செய்ய முடியாத வேலை ஏதும் இருக்கிறதா? நெஞ்சு அழுத்தம் கொடுக்க வேண்டிய ஆளை வண்டியில் ஏற்றினால் அழுத்தம் நின்றுபோகும். அவருக்கு இருந்த இடத்திலேயே வேலை செய்ய வேண்டும்.

பாம்புக் கடி, நெஞ்சு வலி, பக்கவாதம், பிரசவ வலி என்றால் முதலில் 1990க்கு எடுங்கள். வண்டி வரப் பிந்தும் என்றால் கிடைத்த வாகனத்தில் கிளம்புங்கள். வாகனத்தில் இன்னொருவர் பின்னால் ஆளோடு இருக்க வேண்டும். ஓட்டுபவர் திரும்பித் திரும்பிப் பார்க்கக்கூடாது.

வாவியிலோ கடலிலோ மூழ்கியவரைத் தூக்கி எடுத்துவிட்டோம். வயிற்றில் உள்ள தண்ணீரை எப்படி எடுப்பது?

எடுக்கவே வேண்டாம். இந்தக் கேள்விக்கு நான் நின்று பதில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இது ஒரு பிள்ளையின் முகத்தோடு வருகிற கேள்வி.

பல வருடத்துக்கு முந்தி, வாவிக் கரையோரம் ஒரு ஊர். பன்னிரண்டு வயதுப் பையன். வலை இழுக்கப் போனவர்கள் கண்டு தூக்கி வந்தார்கள். கரையில் ஐம்பது பேர் இருந்தோம். பலமான ஒருவர் பையனைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றினார். இன்னொருவர் காலைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டினார். வாயால் கொஞ்சம் தண்ணீர் வந்தது, எல்லாருக்கும் நம்பிக்கை வந்தது. பிறகு மணலில் கிடத்தி வயிற்றை அமுக்கினார்கள். இடையிடையே பையன் வாயைத் திறந்து திறந்து மூடினான். "புள்ளைக்கு மூச்சு இருக்கு, அந்தா வாயத் திறக்குது" என்று ஒரு அம்மா சொன்னார். நானும் அதைத்தான் நம்பினேன். அது மூச்சு இல்லை, நின்றுகொண்டிருக்கிற இதயத்தின் கடைசி இழுப்பு என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. அவனைச் சுற்றிய அந்தப் பத்து நிமிடமும் ஒருவராவது அவன் வாயில் ஊதியிருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த மனிதர்கள் கெட்டவர்கள் இல்லை. தெரிந்ததைப் பாசத்தோடு செய்தார்கள்.

மூழ்கியவருக்குக் குறைவது காற்று. நுரையீரலுக்குள் போன தண்ணீர் சுற்றினாலும் வராது. வருவது வயிற்றுத் தண்ணீர். அது வெளியே வரும்போது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்தும் உண்டு. ஆகவே:

கரையில் மல்லாக்காகக் கிடத்துங்கள். வாயில் கண்ணுக்குத் தெரியும் சேறு, பாசி இருந்தால் விரலால் எடுங்கள். தெரியாததைத் தோண்ட வேண்டாம். ஒரு கை நெற்றியில், மற்றக் கையின் இரண்டு விரல் நாடியின் (முகவாயின்) கீழ். தலையை மெல்லப் பின்னால் சாய்த்து நாடியை உயர்த்துங்கள். பத்து விநாடி பாருங்கள். மூச்சு இல்லையென்றால், அல்லது இடைவிட்டு இழுக்கிற மாதிரி இருந்தால், மூக்கைப் பொத்தி, உங்கள் வாயால் அவர் வாயை முழுதாக மூடி, நெஞ்சு உயரும் அளவுக்கு ஐந்து தடவை ஊதுங்கள். மூழ்கியவருக்கு ஊதல் முதலில். அதன்பின் 30 அழுத்தம், 2 ஊதல், திரும்ப 30 அழுத்தம். வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும். அதைத் துடைத்துக்கொண்டிருந்து நேரத்தை விடாதீர்கள், ஊதுங்கள். சத்தி வந்தால் முழு உடம்பையும் ஒரே பக்கமாகப் புரட்டி, வாயைத் துடைத்து, மறுபடி தொடருங்கள்.

எழும்பி இருந்து கதைத்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சில மணித்தியாலம் கழித்து மூச்சுத் திணறல் வரலாம்.

மூழ்குகிறவரை எடுக்க நாமே குதிக்கலாமா?

ஒருவர் மூழ்க, எடுக்கப் போன இருவரும் மூழ்கிய கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. மூழ்குகிறவர் கையில் அகப்பட்டதை அமுக்கித்தான் மேலே வருவார். அது அண்ணனின் தோளாக இருந்தாலும் அப்படித்தான். முதலில் குரல் கொடுங்கள். பிறகு சவளோ கம்போ நீட்டுங்கள். எட்டாவிட்டால் மூடி இறுக்கிய வெற்றுக் கலன், றெஜிபோம் பெட்டி, கட்டிய கயிறு எறியுங்கள். தோணி இருந்தால் தோணி. நீந்திப் போவது கடைசி வழி, அதுவும் மிதக்கும் பொருள் ஒன்றைக் கையில் கொண்டு.

வெள்ளம் ஓடும் வீதி இன்னும் மோசம். 2024 நவம்பர் 26இல் காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் இழுபட்டு, பிள்ளைகள் உயிரிழந்தார்கள். உழவு இயந்திரம் உயரம்தானே, பாரம்தானே என்று எல்லாரும் நம்புகிற வாகனம் அது. ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு வந்தாலே ஆளைச் சரித்துவிடும். வீதியின் விளிம்பு கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் அதற்குமேல் இறங்க வேண்டாம், எவரையும் இறங்க விடவும் வேண்டாம். தடுப்பதும் முதல் கையின் வேலைதான்.

நெஞ்சு அழுத்தம் சரியாகக் கொடுக்கிறேனா என்று எப்படித் தெரியும்?

ஆள் கட்டிலிலோ மெத்தையிலோ கிடக்கக்கூடாது, கெட்டியான நிலத்தில் கிடக்க வேண்டும். நெஞ்சின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்கள். அதன்மேல் மற்றக் கை. முழங்கை மடியக்கூடாது. உங்கள் தோள் அவர் நெஞ்சுக்கு நேர்மேலே வர வேண்டும். ஐந்து முதல் ஆறு சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அமுக்குக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். மேலே வரும்போதுதான் இதயத்துக்குள் இரத்தம் நிறையும்.

வகுப்பில் ஒரு வலைக்காரர் முதல் தடவையிலேயே இதைச் சரியாகச் செய்தார். எப்படி என்று கேட்டேன். "தோணி இழுக்கிற மாதிரி, கையால இழுக்கிறல்ல, உடம்பால இழுக்கிற" என்றார். அதைவிட நல்ல விளக்கம் எனக்கு வராது. கையால் அமுக்குபவர் ஒரு நிமிடத்தில் களைத்துப்போவார். உடம்பின் பாரத்தால் அமுக்குபவர் தாக்குப்பிடிப்பார். அப்படியும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். மாறும் இடைவெளி சில விநாடிதான் இருக்க வேண்டும். சத்தமாக எண்ணினால் அடுத்தவர் எந்த எண்ணில் கை வைப்பது என்று தெரிந்துகொள்வார்.

வாயால் ஊத மனம் வரவில்லையென்றால், திடீரென விழுந்த பெரியவருக்கு அழுத்தம் மட்டும் கொடுத்தாலும் பலனுண்டு. மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் ஊதல் கட்டாயம். சின்னப் பிள்ளைக்கு ஒரு கையும், கைக்குழந்தைக்கு நெஞ்சைச் சுற்றிப் பிடித்த இரண்டு பெருவிரலும் போதும். ஆழம் நெஞ்சின் மூன்றிலொரு பங்கு.

பாம்பு கடித்தால் கட்டுப் போடச் சொல்கிறார்கள். எங்கே கட்டுவது?

எங்கேயும் இறுக்கிக் கட்ட வேண்டாம். கயிறு, சாறத்துண்டு, சைக்கிள் ரியூப் எதுவானாலும் இறுக்கினால் கால் அழுகும் அபாயம் உண்டு. கண்ணாடி விரியன் கடித்த இடம் ஏற்கெனவே வீங்கிச் சேதமாகும். அதில் கட்டும் போட்டால் இன்னும் கெடும். கீறக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது, விஷக்கல் வைத்துக் காத்திருக்கக்கூடாது. கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். மோதிரம், வளையல், காப்பு, கொலுசு எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் கழற்றுங்கள். கடிபட்ட காலை எலும்பு முறிந்த காலைப் போல மட்டை வைத்து, அசையாதபடி தளர்வாகக் கட்டுங்கள். கடித்த நேரத்தை எழுதுங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்து வர வேண்டாம். கடிபட்டவருக்குப் போக வேண்டிய நேரம் அதில் போகும், இரண்டாவது ஆளும் கடிபடுவார். தூரத்தில் நின்று தொலைபேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும்.

நம் பக்கத்து வயல்காரர்கள் முக்கியமாக அறிய வேண்டியது எட்டடி விரியனைப் பற்றி. காவலுக்கு வாடியில், நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கும்போது இரவில் கடிக்கும். வலி தெரியாது, வீக்கம் இல்லை, பல் அடையாளம்கூடச் சில நேரம் தெரியாது. விடியப்புறம் எழும்பி "வயிறு நோகுது" என்பார். வாய்வு என்று இஞ்சித் தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு கண் இமை சரியும், பேச்சுக் குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும். நிலத்தில் படுத்தவர் காரணமில்லாத வயிற்று வலியோடும் சோர்ந்த கண்ணோடும் எழும்பினால், பாம்பு என்றே நினைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நுளம்பு வலையை பாயின் கீழ் இறுக்கமாகச் சொருகிப் படுத்தால் இந்தக் கடியைப் பெருமளவு தவிர்க்கலாம்.

இன்னொன்றும் தெரிய வேண்டும். நாகமோ எட்டடி விரியனோ கடித்து அசைவற்றுக் கிடப்பவருக்குக் காது கேட்கும். இமையைத் திறக்க முடியாததால் செத்தவர் மாதிரி இருப்பார். மூச்சு நின்றால் வழியெல்லாம் வாயால் ஊதிக்கொண்டு போங்கள். ஊதலாலேயே உயிரைத் தாங்கி ஆஸ்பத்திரி வரை கொண்டு சேர்க்க முடியும். அவர் பக்கத்தில் நின்று "முடிஞ்சுது" என்று எவரும் சொல்லக்கூடாது.

விஷகடி வைத்தியரிடம் முதலில் போகலாமா? அப்பா காலத்திலிருந்து அவர்தான் பார்க்கிறார்.

அந்தப் பெரியவர்களில் பலரை நான் மதிக்கிறேன். பாம்பின் இனத்தைப் பல் அடையாளத்தில் சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். ஆனால் விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில் மட்டும்தான் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வரும் அந்த மருந்து நாகம், எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் வேலை செய்யும். ஏற்றும்போது ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் டொக்டர் பக்கத்தில் இருந்தே ஏற்ற வேண்டும். ஒரு குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்துத்தான் கண்ணாடி விரியன் போன்றவற்றின் விஷம் ஏறியதை உறுதி செய்கிறார்கள். இதையெல்லாம் வீட்டுத் திண்ணையில் செய்ய முடியாது. மந்திரிக்க வேண்டுமென்று குடும்பம் ஆசைப்பட்டால் அவரையும் வாகனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள், வழியில் மந்திரிக்கட்டும். இப்படிச் சொன்னபோது சண்டையில்லாமல் வண்டி கிளம்பியிருக்கிறது.

சூடடிக்கும் மெசினில் கை மாட்டி இரத்தம் பாய்கிறது. கோப்பித்தூள் போட்டால் நிற்குமா?

நிற்காது. தூளை எடுக்கச் சத்திரசிகிச்சை செய்பவர் பாடுபட வேண்டியிருக்கும், கிருமியும் சேரும். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உங்கள் முழுப் பலத்தோடும் அமுக்குங்கள். பத்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. துணி நனைந்தால் அதன்மேல் இன்னொரு துணி. காயம் ஆழமாக இருந்தால் துணியைக் காயத்துக்குள்ளேயே திணித்து அமுக்குங்கள். அவர் கத்துவார். அமுக்கத்தை விடாதீர்கள்.

கையோ காலோ சிதைந்து, அமுக்கியும் இரத்தம் பீறினால் இறுக்குக்கட்டுப் போடலாம். பாம்புக் கடிக்குக் கூடாது என்று மேலே சொன்ன அதே கட்டு இங்கே உயிரைக் காக்கும். மூன்று நாலு விரல் அகலத் துணி, காயத்துக்கு ஐந்து முதல் ஏழு சென்ரிமீற்றர் மேலே, முழங்கை முழங்கால் மூட்டின்மேல் படாமல். முடிச்சுக்குள் ஒரு கம்பைச் செருகி இரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தை நெற்றியில் பேனையால் எழுதுங்கள். ஆஸ்பத்திரிக்கு முன் தளர்த்தக்கூடாது. மெல்லிய நூல், கம்பி வேண்டாம், அவை தசையை அறுக்கும்.

துண்டுபட்ட விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பையில் வையுங்கள். ஐஸ் நேராகப் படக்கூடாது. குத்தி நிற்கும் கம்பியையோ கத்தியையோ இழுத்தெடுக்க வேண்டாம். அது ஆடாமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்டுங்கள்.

யானைக்கும் பன்றிக்கும் போட்ட மின்கம்பியில் பட்டவரை எப்படி எடுப்பது?

தொடாதீர்கள். அனுமதி பெற்ற யானை வேலியில் மின்சாரம் விட்டுவிட்டு வரும். கள்ளமாக வீட்டு மின்சாரத்தை இழுத்த கம்பியில் அது நிற்காமல் ஓடும், பிடித்த கை விடாது. வயல் ஈரம் வேறு. மெயின் சுவிச்சை நிறுத்துவதுதான் ஒரே நம்பகமான வழி. ஒருவர் அதற்கு ஓட, மற்றவர் எவரையும் கிட்ட விடாமல் நிற்க வேண்டும். மின்கம்பத்துப் பெரிய கம்பி அறுந்து கிடந்தால் தூரவே நின்று 1987க்கு எடுங்கள். மின்சாரம் நின்றபின் மூச்சைப் பாருங்கள், தேவையென்றால் அழுத்தம் தொடங்குங்கள். தோலில் சின்னப் புள்ளி மட்டும் தெரிந்தாலும் உள்ளே இதயத்துக்கு அடி பட்டிருக்கலாம். நடக்கிறவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

ஒருவர் பூச்சிமருந்து குடித்துவிட்டார். சத்தி எடுக்க வைக்கலாமா?

வேண்டாம். உப்புத் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர் கரைத்துக் கொடுப்பதும், தொண்டைக்குள் விரல் விடுவதும் நுரையீரலுக்குள் நஞ்சைக் கொண்டுபோகும். இடதுபக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். உடுப்பில் மருந்து பட்டிருந்தால் கழற்றி, தோலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், நீங்கள் கையுறையோ பொலித்தீன் பையோ போட்டுக்கொண்டு. போத்தலையோ பைக்கற்றையோ கட்டாயம் கூடக் கொண்டுபோங்கள். பெயர் தெரிந்தால்தான் மருந்து தெரியும். பரகுவாட் களைநாசினி போன்ற கொடிய சிலவற்றை அரசு 2008 தொடக்கம் படிப்படியாகத் தடை செய்தது, அதனால் பல உயிர்கள் மிஞ்சின. "ஒன்றும் செய்யவில்லை, நல்லாத்தான் இருக்கிறார்" என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். பல நஞ்சுகள் மெதுவாகத்தான் வேலை காட்டும்.

அந்த நேரத்தில் பேசவேண்டாம், ஏசவேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு "நான் பக்கத்தில இருக்கிறன்" என்று மட்டும் சொல்லுங்கள். பிழைத்து வந்தபின் ஊர் என்ன சொல்லும் என்ற பயம்தான் பலருக்குப் பெரிய பாரம். யாரிடமாவது மனம் விட்டுப் பேச வேண்டியிருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 எந்த நேரமும் இருக்கிறது.

ஆண்கள் பெண்களுக்குக் கை வைக்கலாமா? ஊரில் பிழையாகப் பேசமாட்டார்களா?

காத்தான்குடியிலும் கேட்டார்கள், ஆரையம்பதியிலும் கேட்டார்கள். பெண்கள் விழுந்தால் எல்லாரும் ஒரு நிமிடம் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கத்தில் அவர்களுக்கு நேரம் போய்விடுகிறது. பெண் தொண்டர் இருந்தால் அவரை முன்னுக்கு விடுங்கள். இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். சுற்றி நிற்கும் பெண்கள் சேலையையோ விரிப்பையோ பிடித்து மறைப்புக் கட்டட்டும், மற்றவர்கள் திரும்பி நிற்கட்டும். சட்டையைக் கழற்றாமலே நெஞ்சு அழுத்தம் கொடுக்கலாம். செய்யும் ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிச் செய்யுங்கள்: "அம்மா, நெஞ்சில கை வைக்கிறன்." பக்கத்தில் நிற்பவர்களுக்கும் அது தெளிவைக் கொடுக்கும். இதற்கெல்லாம் மேலாக, ஒவ்வொரு ஊரிலும் பாதிக்குப் பாதி பெண்களைப் பழக்க வேண்டும். வீட்டில் ஆபத்து நேரும்போது அங்கே இருப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பது சரியா?

இரும்பால் ஒன்றும் நடக்காது. வாய்க்குள் கரண்டி வைத்தால் பல் உடையும். தலையின் கீழ் மடித்த துணி வையுங்கள், இடிபடும் பொருட்களை விலக்குங்கள், நேரம் பாருங்கள். நின்றபின் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், ஒன்று முடிய மற்றது வந்தாலும், கர்ப்பிணியானாலும் 1990.

மோட்டார் சைக்கிளில் விழுந்தவரின் ஹெல்மெட்டைக் கழற்றலாமா?

மூச்சு நன்றாக இருந்தால் கழற்றாதீர்கள், கண்ணாடியை மட்டும் உயர்த்துங்கள். மூச்சு இல்லையென்றாலும் சத்தி வந்தாலும் இரண்டு பேராகக் கழற்றுங்கள். ஒருவர் கழுத்தையும் நாடியையும் அசையாமல் தாங்க, மற்றவர் மெல்ல இழுக்க வேண்டும். தண்ணீர் பருக்க வேண்டாம். மயங்கியவருக்குச் சோடா ஊற்றுவதை நம் சந்திகளில் இன்னும் காண்கிறேன். அது மூச்சுக்குழாய்க்குள்தான் போகும்.

சுடுதண்ணீர், எண்ணெய் கொட்டினால்?

குளிர்ந்த ஓடும் தண்ணீர், இருபது நிமிடம். பற்பசை, தேங்காயெண்ணெய், மை, முட்டை வெள்ளை எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். திருக்கை முள் குத்தினால் இதற்கு நேர்மாறு: பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வலி குறையும். சூட்டைக் குத்துப்படாத கையால் முதலில் பாருங்கள். முள் நெஞ்சிலோ வயிற்றிலோ என்றால் இழுக்காமல் ஆஸ்பத்திரிக்கு.

ஒரே நேரத்தில் பத்துப் பேர் காயப்பட்டால் யாரிடம் முதலில் போவது?

கத்துகிறவரிடம் மனம் ஓடும். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பவரிடம் போங்கள். முதலில் "நடக்கக் கூடியவர்கள் அந்த மரத்தடிக்கு வாங்க" என்று உரக்கச் சொல்லுங்கள். எழும்பி வருகிறவர்கள் கொஞ்ச நேரம் பொறுக்கலாம். மற்றவர்களிடம் ஒவ்வொருவராக, ஒருவருக்கு அரை நிமிடம்: மூச்சு இருக்கிறதா, இரத்தம் பாய்கிறதா. மூச்சு இருந்து நினைவில்லாதவரைப் பக்கவாட்டில் புரட்டுங்கள். பாய்கிற இரத்தத்தில் பக்கத்தில் நிற்கும் எவருடைய கையையாவது பிடித்து வைத்து "இதை விடாதீங்க" என்று சொல்லி அடுத்தவரிடம் நகருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக் காலை நாவலடியிலும் மருதமுனையிலும் முதலில் தூக்கியது பக்கத்து வீட்டுக் கைகள்தான். வாகனமும் சீருடையும் பிறகுதான் வந்தன.

பையில் என்ன வைத்திருப்பது?

கையுறை நாலு சோடி, பெரிய துணிப் பன்டேஜ், முக்கோணத் துணி, உடுப்பு வெட்டும் கத்தரிக்கோல், ரோச், அழியாத பேனை, சீனிப் பைக்கற், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்). நினைவோடு இருக்கும் நீரிழிவு நோயாளி வியர்த்து நடுங்கினால் அந்தச் சீனி மருந்து. வறண்ட, சூடான கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் வயலில் மயங்குபவர்களுக்கு நிழல், ஈரத்துணி, விசிறி, நினைவிருந்தால் ஜீவனி.

ஒருவரைக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு கிழமையாகத் தூக்கம் வரவில்லை. எனக்குத்தான் இப்படியா?

இல்லை. இதைக் கேட்டவர் ஒரு ஓட்டோத் தம்பி. செருப்பைப் போட்டுவிட்டுக் கதவடியில் நின்று கேட்டார். நான் என் வாவிக்கரைக் கதையை அவருக்குச் சொன்னேன். நெஞ்சு அழுத்தம் சரியாகக் கொடுத்தும் பலர் திரும்பி வருவதில்லை. அது செய்தவரின் பிழை இல்லை. நடந்ததை உங்களோடு அந்த இடத்தில் இருந்த ஒருவரிடம் தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள். ஒரு மாதத்தைத் தாண்டியும் கனவு துரத்தினால், வேலைக்குப் போக மனம் வரவில்லையென்றால், ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். அந்தத் தம்பி அடுத்த வகுப்புக்கும் வந்தார், கூட்டாளிகள் இருவரோடு.

எங்கே முறையாகப் பழகலாம்?

செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. உங்கள் பிரதேச செயலகத்தின் அனர்த்த முகாமைத்துவப் பிரிவில் கேட்டால் அடுத்த வகுப்பைச் சொல்வார்கள். வாசித்து மட்டும் கை பழகாது. அதுவரைக்கும் வீட்டில் ஒன்று செய்யலாம். கெட்டியான பஞ்சுத் தலையணையை நிலத்தில் வைத்து முழங்காலில் இருங்கள். முழங்கை மடியாமல், சத்தமாக எண்ணி, மணிக்கூட்டைப் பார்த்து இரண்டு நிமிடம் அமுக்குங்கள். எண்ணிக்கை 200க்கும் 240க்கும் இடையில் வந்தால் வேகம் சரி. பிறகு தலையணையை மகளிடம் கொடுத்து அவளை எண்ணச் சொல்லுங்கள்.